கொழுப்பும் கொம்பனியும்: ஒரு ஊசியின் கதை

(எங்கட மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்களையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.)



தமிழில் ஒருவருக்குத் திமிர் என்று சொல்லவேணுமென்றால் "உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு" என்று சொல்லுவம். கொழுப்பு என்றாலே குற்றம். கலியாண வீட்டுக்குப் போனால் மாமிமார் முதல் சொல்லுறது "மெலிஞ்சிட்டாய், வடிவாயிருக்கு" அல்லது "கொஞ்சம் வைச்சிட்டாய்". இந்த இரண்டில் எது பாராட்டு, எது குத்தல் என்று இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இப்ப வாராந்த மெலிவு ஊசிகளும் வந்திட்டுது. கொழுப்பைக் கரைக்கிறது ஒரு பெரிய உலகச் சந்தை.

நான் இன்றைக்குக் கதைக்கப்போறது கொழுப்பே இல்லாதவர்களைப் பற்றி. அவர்களுக்கு வருகிற வருத்தத்தின் பெயர் லிப்போடிஸ்ட்ரோபி. தமிழில் கொழுப்பிழையச் சிதைவு என்று சொல்லலாம். அதற்கு ஒரு ஓமோன் சிகிச்சை இருக்கிறது. அந்த மருந்து பிறந்த விதமும், கைவிடப்பட்ட விதமும், கை மாறி மாறி விலை ஏறின விதமும் ஒரு இடதுசாரிக் கூட்டத்தில் இருந்து கேட்க வேண்டிய கதை என்று நினைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, பொதுச் சுகாதாரம் படிக்கிற மாணவர் மட்டும்தான். ஆகவே ஆரும் இதைக் கேட்டுவிட்டு மருந்தை மாத்தவோ நிப்பாட்டவோ வேண்டாம்.

முதலில் உடம்புக்குள்ள என்ன நடக்குது என்று பார்ப்பம். கொழுப்பு சும்மா தொங்குகிற சதை இல்லை, அது ஒரு களஞ்சியம். நாங்கள் சாப்பிட்டதில் மிச்சத்தைப் பத்திரமாக வைக்கிற அறை. அந்த அறையே இல்லாத ஒரு வீட்டை யோசிச்சுப் பாருங்கோ. மூட்டை மூட்டையாக அரிசி வந்துகொண்டே இருக்கிறது. வைக்க இடமில்லை. குசினியில் குவியும், படுக்கையறையில் குவியும், படியில் குவியும். உடம்பிலும் அதுதான். தோலுக்கு அடியில் போகவேண்டிய கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும், தசைக்குள்ள போகும், இரத்தத்தில் மிதக்கும். சிலருடைய இரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால் மேலே பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். அந்த அளவு கொழுப்பு சதையியை, அதாவது கணையத்தை, அழற்சியாக்கி ஆளையே கொல்லக்கூடும். ஈரல் வீங்கும். இன்சுலின் வேலை செய்யாது. சின்ன வயதிலேயே நீரிழிவு வந்து, நாளுக்கு நூற்றுக்கணக்கான அலகு இன்சுலின் போட்டும் சீனி இறங்காத நோயாளிகள் இருக்கிறார்கள்.

இதோட பசியும் சேரும். கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. "களஞ்சியத்தில் போதுமானது இருக்கு, பயப்படாதே" என்று மூளைக்குப் போகிற செய்தி அது. கொழுப்பே இல்லையென்றால் செய்தி போகாது. மூளை பஞ்சம் வந்திட்டுது என்று நினைக்கும். ஆகவே ஈரல் முழுக்கக் கொழுப்போடு இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஓயாத பசி. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் "இந்தப் பிள்ளை இவ்வளவு சாப்பிட்டும் உடம்பில் ஒட்டுதில்லை" என்பார்.

இந்த வருத்தத்தில் பல வகை. பிறக்கும்போதே உடம்பு முழுக்கக் கொழுப்பு இல்லாத வகையை 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நோர்வேயில் செய்ப்பும் விவரித்தார்கள். உலகளவில் ஒரு கோடிக்கு ஒருவர் என்ற கணக்கில் மதிப்பிடுகிறார்கள். ஆனால் பிரேசிலின் வடகிழக்கில் ரியோ கிராண்டே டோ நோர்டே என்ற மாநிலத்தில் இது அசாதாரணமாகக் கூட. அங்கே பழைய குடியேற்றக் குடும்பங்களுக்குள் நடந்த திருமணங்களின் வழியாக ஒரே மரபணு மாற்றம் பரவியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகவேணும், ஏனென்றால் மச்சான், மச்சாள் கலியாணம் எங்களுக்கும் சொந்த விஷயம். இது பின்னடைவு மரபணு வருத்தம். தாய், தகப்பன் இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள்ள கட்டும்போது இருவரும் காவிகளாக இருக்கிற சாத்தியம் கூடும். பிரட்போர்ட் நகரில் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. முதல் வழி உறவுத் திருமணங்களில் பிறவிக் குறைபாட்டுக்கான ஆபத்து ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் கூடுது என்று அது காட்டியது. கூடுது என்பது உண்மை. அதே நேரம் நூற்றில் தொண்ணூற்றுநாலு பிள்ளைகளுக்கு அப்படியொன்றும் இல்லை என்பதும் அதே ஆய்வு சொல்லுற உண்மை. 2024 டிசம்பரில் கன்சர்வேட்டிவ் எம்.பி. ரிச்சர்ட் ஹோல்டன் இப்படியான திருமணங்களைத் தடைசெய்யச் சட்டம் வேணும் என்று பாராளுமன்றத்தில் கேட்டபோது, இந்த எண்கள் குடியேறியவர்களுக்கு எதிரான பேச்சோடு கலந்து சுற்றிச்சுது. எங்கட பக்கத்தில் சிலர் பதிலுக்கு "ஆபத்தே இல்லை" என்று சொல்லத் தொடங்கினார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கட குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை தாய்மொழியில், அவமானப்படுத்தாமல் கிடைக்கவேணும் என்பதுதான் கேட்கவேண்டியது. தடைச்சட்டம் வந்தால் ஆட்கள் கிளினிக்குக்கு வராமல் ஒளிப்பார்கள்.

அடுத்தது பகுதி வகை. பருவமடையும்போது கை, கால், இடுப்புப் பக்கத்தில் கொழுப்பு கரைந்து, முகத்திலும் கழுத்திலும் கூடும். பெண்களில் தசையும் நரம்பும் புடைத்துத் தெரியும். பார்க்கிறவர்கள் "நல்லா உடற்பயிற்சி செய்யிறாய் போல" என்பார்கள். பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே போகும். இதை 1974இல் விவரித்தவர் கிளாஸ்கோ வைத்தியர் மத்தியூ டன்னிகன். இவரை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. 1960களின் தொடக்கத்திலேயே கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் எலும்பு மெலிந்து வளைகிற வருத்தத்தைக் கவனித்து எழுதியவரும் இவர்தான். வெள்ளை நோயாளியின் உடம்பை மட்டும் பார்க்கப் பழகியிருந்த ஒரு மருத்துவ உலகத்தில் அவருடைய கண் வேறு பக்கமும் பார்த்திருக்கிறது.

இனி ஓமோன் கதைக்கு வாறேன்.

1994இல் நியூயோர்க் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1949இலிருந்தே ஒரு எலி வகை இருந்தது. ஓயாமல் சாப்பிட்டு, உருண்டு திரண்டு போகிற எலி. அதற்கு ஏதோ ஒன்று இரத்தத்தில் குறையுது என்று டக்ளஸ் கோல்மன் என்ற கனேடிய விஞ்ஞானி எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டியிருந்தார். அந்தக் குறைகிற பொருள்தான் லெப்டின். "மெல்லிய" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து பெயர் வைத்தார்கள். பெயரிலேயே சந்தை தெரியுது, என்ன?

மறு ஆண்டே அம்ஜென் என்ற கொம்பனி 2 கோடி டொலரை முன்பணமாகக் கொடுத்து உரிமையை வாங்கிச்சுது. எலிக்கு ஊசி போட்டால் எலி மெலியுது, மனிதருக்குப் போட்டாலும் மெலிவார்கள், உலகம் முழுக்க விற்கலாம் என்பது கணக்கு. பிழைச்சுப்போச்சுது. உடல் பருமனான பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது, மூளைதான் அதைக் கேட்குதில்லை. 1999இல் வெளியான பரிசோதனை முடிவுகள் மிகச் சுமார். மெலிவு ஊசிக் கனவு கலைந்தது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் சதாப் பாரூக்கியும் சேர்ந்த குழு ஒரு பாகிஸ்தானியப் பின்னணிக் குடும்பத்தில் மிகக் கடுமையான பருமனோடு இருந்த இரண்டு பிள்ளைகளைப் பரிசோதித்தது. இருவரும் உறவினர்கள். பிறவியிலேயே அவர்களுக்கு லெப்டின் இல்லை. 1997இல் இதை வெளியிட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு லெப்டின் கொடுத்தபோது பசி அடங்கி எடை இறங்கியது. லெப்டின் உண்மையில் இல்லாத ஆளுக்கு லெப்டின் வேலை செய்யும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் கொழுப்பே இல்லாததால் லெப்டின் இல்லாதவர்கள்? 1999இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் மருத்துவ மையத்தில், பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற நோபல் விஞ்ஞானிகளின் ஆய்வுகூடம் கொழுப்பில்லாத எலிகளுக்கு லெப்டின் கொடுத்தது. எலிகளின் நீரிழிவு மாறியது. கொழுப்பு திரும்பி வரவில்லை, ஆனால் நீரிழிவு போச்சு. 2000இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்திலும் டலஸிலும் மனிதர்களில் பரிசோதனை தொடங்கியது. ஒன்பது பெண்கள். நாள்தோறும் ஊசி, நாலு மாதம். முடிவுகள் 2002இல் வெளியாயின. எச்.பி.ஏ.1சி என்ற சீனி அளவு சராசரியாக 1.9 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. இரத்தக் கொழுப்பு, அதாவது டிரைகிளிசரைட், 60 சதவீதம் இறங்கியது. ஈரலின் பருமன் 28 சதவீதம் சுருங்கியது. பெரும்பாலானவர்கள் நீரிழிவு மருந்தைக் குறைக்கவோ நிப்பாட்டவோ முடிந்தது.

ஒன்பது பேர்தானே என்று கேட்கலாம். உண்மை, சின்னப் பரிசோதனை, ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லை. பிற்பாடு வந்த பெரிய தொகுதிகளும் அதே திசையைத்தான் காட்டின, முழு வகையில் தெளிவாக, பகுதி வகையில் கொஞ்சம் கலந்து. பகுதி வகைக்காரரில் லெப்டின் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும், ஆகவே பலனும் ஆளுக்கு ஆள் மாறும். ஆபத்தும் இருக்கு. சிலரின் உடம்பு இந்த ஊசிக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யும். பெற்ற லெப்டினையும் தடுக்கும். சிலரில் லிம்போமா என்ற புற்றுநோய் வந்திருக்கிறது, மருந்தால்தானா, வருத்தத்தாலா என்பது தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவில் அந்த எச்சரிக்கை மருந்துத் தாளின் தலைப்பிலேயே கட்டம் போட்டு அச்சடிக்கப்பட்டிருக்கு. மாய மருந்து என்று நான் விற்க வரவில்லை.

சரி, வேலை செய்யுது என்று 2002இல் தெரியும். அமெரிக்க அனுமதி கிடைத்தது 2014 பெப்ரவரியில். 12 ஆண்டுகள் இடையில் என்ன நடந்தது?

அம்ஜென் 2006இல் இதை அமிலின் என்ற கொம்பனிக்குக் கொடுத்தது. அமிலினுக்கு மறுபடியும் அதே மெலிவுக் கனவு. டக்கேடா என்ற யப்பானியக் கொம்பனியோடு சேர்ந்து லெப்டினை இன்னொரு ஓமோனோடு கலந்து உடல் பருமனுக்குப் பரிசோதித்தார்கள். 2011இல் இரண்டு பேரில் அந்த எதிர்ப்புப் புரதப் பிரச்சினை வந்து, பரிசோதனையை நிறுத்தி, பிறகு திட்டத்தையே மூடினார்கள். கொழுப்பில்லாதவர்கள் இந்த முழுக் காலத்திலும் ஆய்வுத் திட்டங்களின் வழியாக மருந்தை வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். 2000இல் முதல் ஊசி போட்ட ஆள் 2014 வரைக்கும் "பரிசோதனை நோயாளி"தான். 2012இல் பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் அமிலினை வாங்கியது. 2014 தொடக்கத்தில் அது அஸ்ட்ராசெனெக்காவின் கைக்குப் போனது. அனுமதி கிடைத்த அதே ஆண்டில் அஸ்ட்ராசெனெக்கா இதை ஏஜெரியன் என்ற சிறு கொம்பனிக்கு 32.5 கோடி டொலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. ஏஜெரியன் 2019இல் திவாலானது. அயர்லாந்தின் அம்ரிட் எடுத்தது. 2023இல் இத்தாலியின் கியேசி அம்ரிட்டை வாங்கியது.

நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு மூலக்கூறுக்கு இத்தனை முதலாளிகள். மருந்து மாறவில்லை. பக்டீரியாவில் வளர்த்தெடுக்கிற அதே புரதம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாங்கினவருக்கு அந்த விலையை மீட்கவேணும். மீட்கிறதுக்கு நோயாளிகள் மிகக் குறைவு. ஆகவே ஒரு நோயாளியின் தலையில் விழுகிற தொகை ஏறிக்கொண்டே போகும். "ஆராய்ச்சிச் செலவு" என்று எங்களுக்குச் சொல்லுறார்கள். எலியைக் கண்டவர்கள், இணைத்துக் காட்டியவர்கள், கொழுப்பில்லாத எலிக்கு ஊசி போட்டவர்கள், அந்த ஒன்பது பெண்களைக் கவனித்தவர்கள் எல்லாரும் பொதுப் பணத்திலும் கொடைப் பணத்திலும் நடந்த பல்கலைக்கழக, அரசு ஆய்வுகூடங்களில் இருந்தவர்கள். கொம்பனிகள் மருந்தைத் தயாரித்துக் கொடுத்தன, அதை நான் மறுக்கவில்லை. அது விலையில் எவ்வளவு பங்கு என்பதைத்தான் ஆரும் காட்டமாட்டார்கள்.

பிரிட்டன் கணக்கைப் பாருங்கோ. நைஸ் என்கிற அரச மதிப்பீட்டு நிறுவனம் 2021 பெப்ரவரியில் இந்த மருந்தை என்.எச்.எஸ்.ஸில் கொடுக்கலாம் என்று சொன்னது. மருந்தின் பெயர் மெட்ரெலெப்டின். அப்போது பட்டியல் விலை 11.3 மில்லிகிராம் குப்பி ஒன்று 2,335 பவுண். நாளுக்கு ஒரு பெரிய குப்பி தேவைப்படுகிற ஆளுக்கு ஆண்டுக்கு எட்டரை லட்சம் பவுண். என்.எச்.எஸ். உண்மையில் கொடுக்கிறது அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது இரகசியம், "வணிக ஏற்பாடு" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கட வரிப்பணத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று எங்களுக்கே சொல்லமாட்டினம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் நேர்மையான கேள்வி ஒன்று கேட்டவர்: "ஒரு ஆளுக்கு இவ்வளவு செலவழிக்கிற காசில் எத்தனை தாதிமாரை வைத்திருக்கலாம்?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. நைஸ் வழமையான மருந்துக்கு, நல்ல ஆரோக்கியத்தோடு கூடிய ஒரு ஆண்டு வாழ்வுக்கு 20,000 முதல் 30,000 பவுண் வரை ஏற்றுக்கொண்டிருந்தது. மிக அரிதான வருத்தங்களுக்கு ஒரு லட்சம், சில வேளை மூன்று லட்சம் வரை. அரிதானவர்களைக் கைவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி அது. ஆனால் வரம்பை உயர்த்தினதும் கொம்பனி தன்னுடைய விலையை அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது தாதிக்கும் நோயாளிக்கும் இடையில் சண்டை மாதிரி எங்களுக்குத் தெரியும். நான் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் நிற்கத் தயாரில்லை, ஏனென்றால் விலையைத் தீர்மானித்தவர் அந்த அறையிலேயே இல்லை. நோயாளிக்கு மருந்து வேணும், அதை முதலில் சொல்லவேணும். விலையைப் பற்றிய கோபம் நோயாளியின் மேல் போகக் கூடாது.

இப்ப கதையின் இரண்டாம் பாதி. இதை எங்கட இயக்க வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேணும், கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும்.

உலகில் லிப்போடிஸ்ட்ரோபி வந்த மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது பிறவியில் வரவில்லை, மருந்தால் வந்தது. எச்.ஐ.வி. மருந்து. ஸ்டாவுடின் என்ற மாத்திரை கொழுப்புக் கலங்களுக்குள் இருக்கிற சக்தி நிலையங்களை, மைட்டோகொண்ட்ரியாவை, கெடுக்கும். கன்னம் ஒட்டிப்போகும், கை கால் குச்சியாகும், பின்பக்கம் வற்றிவிடும். சிலருக்கு வயிறும் பிடரியும் மட்டும் பருக்கும். சீனியும் இரத்தக் கொழுப்பும் ஏறும். ஒருவர் தன்னுடைய வருத்தத்தை எவ்வளவு ஒளித்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். உயிரைக் காப்பாற்றின மருந்தே ஊருக்குச் சொல்லிவிடுகிற நிலை.

ஸ்டாவுடினின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. விற்றது பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப். ஆமாம், பத்து ஆண்டுகள் கழித்து லெப்டினையும் வாங்கின அதே கொம்பனி. 2001இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் யேல் மாணவர்களும் நெருக்கினார்கள். மருந்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் புருசொவே வெளிப்படையாக மாணவர் பக்கம் நின்றார். அந்த மார்ச்சில் தென்னாபிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தமாட்டோம் என்று கொம்பனி ஒத்துக்கொண்டது. அதே ஆண்டு இந்தியாவின் சிப்லா மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருகிறோம் என்று அறிவித்தது. அந்த மூன்றில் ஒன்று ஸ்டாவுடின். பெரிய வெற்றி. மாணவர் போராட்டத்துக்கு நாங்கள் எல்லாரும் காட்டுகிற உதாரணம்.

2004 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய அரசு இலவச எச்.ஐ.வி. சிகிச்சையைத் தொடங்கியது. முதல் எட்டு நிலையங்களில் ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் அரச நெஞ்சக மருத்துவமனை. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சுனிதி சொலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்ததும் சென்னையில்தான். ஆக, இது தமிழ் உடம்புகளின் கதையும்தான். அந்த இலவசத் திட்டத்திலும் முதல் வரிசை மருந்தாக ஸ்டாவுடின் இருந்தது. லட்சக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பணக்கார நாடுகளின் வைத்தியர்கள் ஸ்டாவுடினை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு டெனோபோவிர் இருந்தது, ஏழை நாடுகளுக்கு அது விலை கூட. ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2009 நவம்பர் இறுதியில்.

2001இன் போராட்டம் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "மலிவான மருந்து கிடைச்சிட்டுது" என்ற இடத்தில் எங்கட கவனம் நின்றுபோகிறது. எந்த மருந்து மலிவானது, அது உடம்பில் என்ன செய்யுது, அடுத்த நல்ல மருந்து எப்ப வரும் என்பதை நோயாளிகள்தான் தனியாகத் தூக்கிச் சுமந்தார்கள்.

அந்த நோயாளிகளுக்கு ஓமோன் சிகிச்சை வந்ததா? ஒன்று வந்தது. டெசமொரெலின், மொன்றியல் கொம்பனி ஒன்றின் தயாரிப்பு. வளர்ச்சி ஓமோனைச் சுரக்கத் தூண்டுகிற ஊசி. 2010 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. வயிற்றுக்குள்ள சேர்கிற கொழுப்பை அது குறைக்கும், ஊசியை நிப்பாட்டினால் திரும்ப வரும். ஒட்டின கன்னத்தை அது நிரப்பாது. வற்றிப்போன கை காலுக்கும் அதில் பலனில்லை. மருந்தை மாற்றினால் கொழுப்பு மெல்ல மெல்ல, கொஞ்சம்தான் திரும்பும். பழைய முகம் பலருக்கு முழுசாகக் கிடைக்கவில்லை.

"எங்கட ஆட்களுக்கு ஏன் மெலிவாக இருந்தும் சீனி வருத்தம் வருது?" என்றும் ஒருவர் கேட்டவர். இங்க கொஞ்சம் தொடர்பு இருக்கு. 2017இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் தலைமையில் வெளியான மரபணு ஆய்வு இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புடைய 53 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. அவற்றைச் சுமப்பவர்களுக்குக் கை, கால், இடுப்பில் கொழுப்பு சேமிக்கிற திறன் குறைவு. அரிய வருத்தத்தின் மிக மெல்லிய சாயல் சாதாரண நீரிழிவிலும் இருக்கு என்று அர்த்தம். புனேயைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக் "மெலிந்த பருத்த இந்தியர்" என்று நீண்ட காலமாகச் சொல்லிவருவதும் இதற்குப் பக்கத்தில்தான். வெளியே ஒல்லி, உள்ளே வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு. இதற்காக மாமாவுக்கு லெப்டின் ஊசி தேவையில்லை, அவருக்கு லெப்டின் இருக்கு. ஆனால் "மெலிஞ்சிருக்கிறார், சுகமாயிருக்கிறார்" என்று குடும்பமும் வைத்தியரும் சேர்ந்து எடுக்கிற முடிவு பிழையாகப் போகலாம். சின்ன வயதில் கடுமையான சீனி, மிக உயர்ந்த டிரைகிளிசரைட், தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத கை கால், கழுத்தில் கறுத்துத் தடித்த தோல், இவை சேர்ந்து வந்தால் "லிப்போடிஸ்ட்ரோபியாக இருக்குமோ" என்று வைத்தியரிடம் கேட்கலாம். கேட்கிறதுக்குச் சொல் தெரிந்திருக்கவேணும், அதுக்குத்தான் இந்த நீண்ட பெயரை இன்றைக்கு இத்தனை தரம் சொன்னேன்.

செய்யக்கூடியது என்ன என்றும் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து உடனடியாகப் பிடிக்கக்கூடிய ஒரு நூல் இருக்கு. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் மருந்து விலைகளை அரசுகள் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. முன்னெடுத்தது இத்தாலி. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் பிரிட்டனும் ஜெர்மனியும் ஹங்கேரியும் தங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டன. இந்த அறையில் இருக்கிற அநேகமானவர்களின் எம்.பி.மார் அந்த விலகலைக் கேள்வி கேட்கக்கூடிய பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இருந்து இணைந்திருக்கிற தோழர்களுக்கும் அதே வேலை. ஒரு குப்பிக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள், பொதுப் பணத்தில் கண்டுபிடித்த மருந்து விற்கப்படும்போது மருந்து கிடைப்பதற்கு என்ன நிபந்தனை போட்டீர்கள், கொம்பனி திவாலானால் நோயாளிக்கு மருந்தை ஆர் செய்து தருவார்? இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கிற கடிதம் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கு. ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவை. வேண்டியவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ, அனுப்பிவைக்கிறேன்.